ஈ என்று எழுதிய சீட்டுகள்

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. செத்துப்போன என் தங்கையின் பிள்ளைகள் இரண்டும் அதில் சேர்த்தி. ஐந்தும் நல்லபடியாக இருக்கின்றன. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இனி சொல்லப்போவது நான் கெடுத்த ஒரு காரியத்தைப் பற்றி. தொட்டதையெல்லாம் கெடுத்தவள் இல்லை இவள் என்று படிப்பவர்களுக்குத் தெரியட்டும்.

பெயர் கன்னியம்மாள். வேலப்பன்சாவடியில், பழைய தாள்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு நூலகத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். கிழிந்த தாளை ஒட்டுவது, அழுக்கெடுப்பது, பூச்சி அரித்த ஓட்டையை அடைப்பது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி பவித்ரா எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள், மாற்றட்டும். ஆனால் ஆட்கள் பேசியதைப் பேசியபடியே போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

எழுதச் சொன்னது ஆயிஷா. பூந்தமல்லிப் பெண், நான் உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். பெட்டி பெட்டியாகத் தாள்களை எடுத்து மெஷினில் படம் பிடிக்கிறார்கள். போன மாதம் போன் செய்தாள்.

"ஆயா, ஞானவடிவம்மா பெட்டியில ஒவ்வொரு கடுதாசி கூடவும் ஒரு சீட்டு கீது. எல்லாம் உன் கையெழுத்துன்றாங்க. ஒரே ஒரு எழுத்துதான் எழுதிக்கீறே. ஈ. அப்டின்னா இன்னா?"

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தேன். பதினாறு வருஷமாக அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வராமலே நான் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்றும் நினைத்திருந்தேன்.

"நேர்ல வந்து சொல்றேம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அந்த நூலகத்தில் நான் முதலில் பெருக்கித் துடைக்கத்தான் சேர்ந்தேன். அதற்கு முன்னால் குமணன்சாவடியில் வீட்டிலேயே மளிகைக் கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நூலகத்தில் யாரோ பசை காய்ச்சத் தெரியாமல் கட்டி கட்டியாக வைத்திருந்ததைப் பார்த்து, துடைப்பத்தைச் சாத்திவிட்டு நானே காய்ச்சிக் கொடுத்தேன். பூச்சி வரக்கூடாது என்று பை ஒட்டுகிறவர்கள் போடுகிற மாதிரி மயில்துத்தமும் போட்டேன். தாள் செப்பனிடும் அறைக்குத் தலைமையாக இருந்த வத்சலா மேடம் வந்து பார்த்தார். விரலில் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்தார். நேராகப் போய்ச் சாக்கடையில் கொட்டினார்.

"பசை நல்லா இருக்கு. விஷம் வேண்டாம். நாளைக்கு துடைப்பத்தை வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு வா."

வேலைக்கு எடுத்துக்கொண்டதாக அவர் சொன்னது அவ்வளவுதான். வேலை கற்றுக்கொண்ட இரண்டு வருஷமும் ஏறக்குறைய அப்படியேதான் போயிற்று: தப்பு என்றால் ஒரு சொல், சரி என்றால் ஒன்றும் கிடையாது.

மேடம் குள்ளம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். தாளின் மேல் உள்ளங்கை படவே படாது. விரலின் பின்புறத்தால்தான் திருப்புவார். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். அதில் மட்டும் இரக்கமே கிடையாது. தாளில் கை வைப்பதற்கு முன்னால், அதன் மேல் பட்டர் பேப்பரைப் போட்டு, நான்கு மூலையிலும் கூட்டல் குறி இட்டு, கிழிசல் எங்கே, கறை எங்கே, ஓட்டை எங்கே என்று பென்சிலால் வரைந்துகொள்ள வேண்டும். பிறகு ஒரு சீட்டில் என்ன இருந்தது என்று எழுதி உடன் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வேலை.

ஒரு தடவை ஒரு கணக்குப் புத்தகத்துக்குள் எறும்பு ஒன்று செத்துத் தட்டையாகக் கிடந்தது. ஊதிவிட்டேன். மேடம் பார்த்துவிட்டார்.

"அங்க என்ன இருந்தது?"

"எறும்பு மேடம்."

"எங்க?"

"அதோ போச்சு."

"தேடு."

அரை நாள் தரையில் தவழ்ந்து தேடினேன். கிடைக்கவில்லை. "எறும்புதான, அதுக்கு இன்னா மேடம்?" என்று கேட்டேவிட்டேன்.

"எறும்புன்னு நீ சொல்ற. நான் பாக்கலியே" என்றார் மேடம். "இன்னும் நூறு வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து கேட்டா? நமக்குத் தெரியாதது எதுன்னே நமக்குத் தெரியாது கன்னியம்மா. அதனாலதான் வரையச் சொல்றேன்."

அன்றைக்கு மனசுக்குள் சிரித்தேன்.

சீட்டில் எழுத எனக்குத் தெரிந்தது ஏழெட்டுச் சொற்கள்தான். கிழிசல், கறை, ஓட்டை, பூச்சி, எண்ணெய், மெழுகு. ஈ எச்சத்துக்கு 'ஈ'. இந்தச் சொற்களை வைத்துக்கொண்டே இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன். கை சுத்தம் என்று பெயர். மற்றவர்கள் ஒட்டியது இரண்டு வருஷத்தில் உரியும். நான் ஒட்டிய இடம் எது என்று எனக்கே தெரியாது.

ஞானவடிவு அம்மாளின் பெட்டி வந்தது நான் வேலையில் நன்றாகத் தேறிய பிறகு. அந்த அம்மாள் வாழ்ந்தது வெள்ளைக்காரன் காலத்தில். இந்தப் பக்கத்துக்காரிதான், பூந்தமல்லியில் பிறந்து கும்பகோணம் பக்கம் வாழப் போனவள். பெண்கள் எழுதுவதே அபூர்வமாக இருந்த காலத்தில், இருபது வயதுக்குள் ஒரு கதைப்பாட்டுப் புத்தகம் எழுதி, அது அச்சிலும் வந்துவிட்டதாம். பூந்தமல்லியில் நாலைந்து பெண்கள் சேர்ந்து அதைச் சத்தமாக வாசித்துக் கேட்பார்களாம். அவள் எழுதிய நாட்குறிப்பு நோட்டுகள், அந்தத் தோழிகள் அவளுக்கு எழுதியவை, அவள் தன் அக்காளுக்கு எழுதிய நாற்பத்தோரு கடுதாசிகள். எல்லாம் அக்காள் வழிக் குடும்பத்தில் ஒரு தகரப் பெட்டியில் கிடந்து எங்களிடம் வந்தன.

அக்காளுக்கு எழுதிய கடுதாசிகளை என்னிடம் கொடுத்துவிட்டு மேடம் கண் ஆபரேஷனுக்கு லீவில் போனார். மூன்று வாரம்.

முதல் கடுதாசியை எடுத்தேன். மசியில் எழுதியது. அந்தக் காலத்து எழுத்தில் மெய்க்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் சில எழுத்துகளுக்குக் கீழே பொட்டு பொட்டாக ஏதோ இருந்தது. கடுகில் கால் பங்கு இருக்கும். ஈ உட்கார்ந்து எழுந்திருக்கிறது என்று நினைத்தேன். மேடத்தின் சட்டப்படி பட்டர் பேப்பரைப் போட்டு ஒவ்வொன்றாக வரைந்தேன். இருபத்தெட்டு. வரைந்து முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது.

இரண்டாவது கடுதாசியில் நூற்றுக்கு மேல் இருந்தது. மூன்றாவதில் அதற்கும் மேல்.

பக்கத்து மேசையில் புத்தகம் தைக்கிற சுலோச்சனா எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, ஈ எச்சத்துக்குப் போயி கோலம் போட்டுகினு கீறே? மேடமே இல்ல. யார் கேக்கப் போறாங்க?"

"சட்டம்டி."

"எறும்பைத் தேடின ஆளு நீ. இப்போ ஈக்குப் படம் போடு. நாளைக்கு கொசுவுக்குக் கருமாதி பண்ணு."

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்கப்புறம் நான் வரையவில்லை. சீட்டில் 'ஈ' என்று மட்டும் எழுதி வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

எங்கள் வேலை எப்படி என்று இங்கே சொன்னால்தான் என் குற்றம் புரியும். ஈ எச்சம் காய்ந்தால் தாளோடு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். ரப்பர் அதை ஒன்றும் செய்யாது. சின்னக் கத்தியின் முனையால் ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்க வேண்டும், பொரிந்து வரும். தூசுக்கும் பென்சில் கோட்டுக்கும்தான் ரப்பர். ரப்பர் கட்டியைத் தேங்காய்த் துருவியில் துருவி, அந்தத் துருவலைத் தாளின் மேல் தூவி, விரல் நுனியால் வட்டம் வட்டமாக உருட்டுவோம். பிறகு பிரஷ்ஷால் தள்ளிவிடுவோம்.

கத்தியை எடுப்பதற்கு முன்னால் தூசு போகட்டும் என்று முதல் கடுதாசியில் துருவலைத் தூவி உருட்டினேன். தள்ளிவிட்டுப் பார்த்தால் தூசோடு பொட்டுகளும் போயிருந்தன. ஒன்றுகூட மிச்சமில்லை.

என் விரலுக்குத் தெரிந்தது. ஈ எச்சம் இப்படிப் போகாது என்று இருபது தடவையாவது செய்து பார்த்த விரல் அது. ஒரு கணம் நின்றேன். அப்புறம், நல்லதாகப் போயிற்று, கத்தி வேலை மிச்சம் என்று அடுத்ததை எடுத்தேன். நாற்பத்தொன்றையும் முடித்தேன். மூலை முடுக்கு விடாமல், ஒரே சீராக. என் வேலையில் அரைகுறை கிடையாது.

மேடம் திரும்பி வந்து, பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தாள்களை ஒவ்வொன்றாக ஜன்னலில் சாய்த்துப் பார்த்தார். கடைசித் தாளைக் கீழே வைத்தார்.

"ரொம்ப சுத்தமா இருக்கு கன்னியம்மா."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அன்று சாயந்திரம், அப்போது குடியிருந்த திருவேற்காட்டுக்கு ஷேர் ஆட்டோவில் வரும்போது பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம் அதைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பேராசிரியர் வந்தார். ஞானவடிவு அம்மாளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர். நல்ல மனுஷர், வந்ததும் எல்லோரையும் பெயர் கேட்டுக்கொள்வார். அவருக்கு ஒரே ஒரு குறை. "என்ன மேடம் இது? அப்படி ஒரு பாட்டு எழுதின பொம்பளை, அக்காவுக்கு எழுதறதெல்லாம் புளி விலை, மாடு கன்னு போட்டது, ஈயம் பூச ஆள் வரலைன்னு. அதுவும் பக்கம் பக்கமா! இவ்வளவு சப்புன்னு எழுதுவாளா?" என்று அலுத்துக்கொள்வார்.

நாட்குறிப்பில் இரண்டாவதாக ஒரு கதைப்பாட்டை முடித்துவிட்டதாக அந்த அம்மாள் எழுதியிருக்கிறாளாம். அந்தப் பாட்டு எங்கேயும் இல்லை. அதைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கெடுபிடியானவர், மனைவி எழுதும் கடுதாசியைப் படித்துப் பார்த்த பிறகே தபாலுக்குக் கொடுப்பார் என்றும் நாட்குறிப்பில் இருந்ததாம்.

ஒரு மத்தியானம் நான் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பேராசிரியர் நாட்குறிப்பை வாசித்துக்கொண்டே வந்தவர் சிரித்தார்.

"மேடம், இதைக் கேளுங்க. 'இன்று அக்காளுக்கு ஈ மொய்த்த தாள் ஒன்று அனுப்பினேன்.' அடுத்த மாசமும் அதே. 'ஈ மொய்த்த தாள் அனுப்பினேன். அவர் பார்த்துக் கொடுத்த பிறகு ஈக்கள் வந்தன.' என்னங்க இது? வீட்ல அவ்வளவு ஈயா?"

அந்த அறையில் இருந்த மூன்று பேரில் ஈக்களைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். கணவன் படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்த பிறகு, எழுத்துக்குக் கீழே பென்சிலால் பொட்டு. பொட்டு வைத்த எழுத்துகளை மட்டும் கூட்டினால் வேறு ஒரு பேச்சு. எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள் நான்; எனக்கு அது உடனே புரிந்தது. படித்தவர்கள் சொல்லைத்தான் பார்க்கிறார்கள்.

மேடம் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். எழுந்து போய்க் கடுதாசிப் பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் புரட்டினார். ஈ. ஈ. ஈ.

"கன்னியம்மா, இந்தக் கடிதத்துல எல்லாம் இருந்தது ஈ எச்சமா?"

"ஆமா மேடம்."

"கத்தியால எடுத்தியா, ரப்பராலயா?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் சொல்லிக்கொண்டு வந்தேன். ரப்பர் என்று நான் சொல்லியிருந்தால் அது பென்சில் என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துபோயிருக்கும். கத்தி என்றால் அது ஈதான், அதோடு பேச்சு முடிந்தது. 'ரொம்ப சுத்தமா இருக்கு கன்னியம்மா' என்ற குரல் காதில் இருந்தது.

"கத்தியாலதான் மேடம்" என்றேன்.

மேடம் சீட்டுகளை ஒழுங்காக அடுக்கி உள்ளே வைத்தார். "கத்தியாலதான் எடுத்திருக்கா சார். நிஜ ஈதான்" என்று பேராசிரியரிடம் சொன்னார். என் வார்த்தையை அவர் சோதித்துப் பார்க்கவில்லை. பட்டர் பேப்பரைக் கேட்கவும் இல்லை. என் கையை அவ்வளவு நம்பினார்.

புத்தகம் வந்தது. எங்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள், என் பெயரும் நன்றியில் இருந்தது. பெரிய மகனை வாசிக்கச் சொன்னேன். ஞானவடிவு அம்மாள் இரண்டாவது பாட்டைத் தானே கைவிட்டிருக்க வேண்டும், அதற்குப் பிறகு குடும்பக் கவலையில் அவளுடைய கற்பனை வற்றிப்போனது, அக்காளுக்கு எழுதிய கடிதங்களே அதற்குச் சாட்சி என்று அதில் இருந்தது. மகன் வாசித்துக்கொண்டே போனான். நான் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

சொல்லியிருக்கலாம். ஆயிரம் தடவை வாய்ப்பு இருந்தது. மேடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அம்பத்தூரில் தங்கை வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தபோது போய்ப் பார்த்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். அங்கே வேறு யாரோ வந்திருந்தார்கள். மேடம் என் கையைப் பிடித்துத் தூக்கி அவர்களுக்குக் காட்டினார். "இந்தக் கை மாதிரி ஒரு கை நான் பாக்கல" என்றார். வாங்கிப் போன ஆரஞ்சைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் இறந்துபோய் ஒன்பது வருஷம் ஆகிறது.

ஆயிஷா போன் செய்ததற்கு மறுநாள் கிளம்பினேன். வேலப்பன்சாவடியில் இறங்கி மெயின் ரோட்டைக் கடக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. ஆயிஷா நாற்காலி போட்டு, டீ வரவழைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி என்று சொன்னதையும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. மெஷின் பக்கம் திரும்பினாள். "இதுல கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போட்டுப் பாக்கலாம் ஆயா. அழிச்ச பென்சில் சில சமயம் தெரியும்" என்றாள்.

கடுதாசிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். திரையில் தாள் வெறும் பால் மாதிரி விரிந்தது.

"ஒண்ணுமே இல்ல. எங்கியாவது ஒரு மூலையில விட்டிருப்பேன்னு பார்த்தா..." என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"விட மாட்டேம்மா. என் வேலை அப்படி" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. "மொதக் கடுதாசிக்கு மட்டும் பட்டர் பேப்பர் போட்டேன். அது பெட்டியில கீதான்னு பாரு."

பெட்டியின் அடியில், மஞ்சளேறி, மடிப்பில் உடையும் பதத்தில் அது இருந்தது. ஆயிஷா அதை முதல் கடுதாசியின் மேல் வைத்து, நான்கு கூட்டல் குறிகளையும் மூலைகளுக்குச் சரியாகப் பொருத்தினாள். நான் வைத்த இருபத்தெட்டுப் புள்ளிகளும் இருபத்தெட்டு எழுத்துகளுக்குக் கீழே போய் நின்றன. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஒரு தாளில் எழுதினாள்.

"அ, வ, ர, எ, ரி, த, த, தை... அவர எரிதததை? ம, ன, தி, ல, வை, த, தி, ரு, க, கி, றே, ன... புள்ளியே இல்லாம ஒண்ணும் புரியலியே ஆயா."

"புள்ளி வெச்சிப் படிம்மா. அவர் எரித்ததை மனதில் வைத்திருக்கிறேன்."

அவள் கை நின்றது. மீதி எட்டு எழுத்தை நானே விரல் வைத்துக் கூட்டினேன். இ, னி. ஈ, யா, ய. வ, ரு, ம. ஈயம் பூச ஆள் வரவில்லை என்று எழுதியிருந்தாளே, அந்த ஈயத்தின் முதல் எழுத்துக்குக் கீழே இருந்தது ஒரு புள்ளி.

இனி ஈயாய் வரும்.

ஆயிஷா மற்ற நாற்பது கடுதாசிகளையும் பார்த்தாள். நானும் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் புளி விலையும் மாட்டுக் கன்றும். நிறைய எழுத்து வேண்டியிருந்தது அவளுக்கு, அதனால்தான் அவ்வளவு நீளம். புருஷன் எரித்த பாட்டை மனப்பாடத்திலிருந்து, மாதம் நாலு வரி, ஐந்து வரி என்று அவன் கண்ணெதிரிலேயே அக்காளுக்கு அனுப்பியிருக்கிறாள். அவன் கண்ணுக்கு அது தப்பியது. கரையானுக்கும் மழைக்கும்கூடத் தப்பியது. என்னிடம் வந்துதான் அழிந்தது. அக்காள் எங்கேயாவது பெயர்த்து எழுதி வைத்திருக்கலாம் என்று ஆயிஷா ஆறுதலாகச் சொல்கிறாள். அந்தக் குடும்பத்தில் விசாரிக்கிறாள். இதுவரை ஒன்றும் இல்லை.

"இதெல்லாம் எழுதிக் குடு ஆயா. பெட்டியில வைக்கணும்" என்றாள் கிளம்பும்போது.

"எதுக்கும்மா? என் பேரைக் கெடுக்கவா?"

"நாளைக்கு ஒருத்தர் வந்து, இந்தம்மா சப்புன்னு எழுதுனாங்கன்னு சொல்லக் கூடாதுல்ல."

அதனால் இதைச் சொல்கிறேன். இது கட்டுரை என்று பவித்ரா சொல்கிறாள். எனக்கு இது சீட்டு. தாளில் என்ன இருந்தது, நான் என்ன செய்தேன், எதனால் எடுத்தேன் என்று அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய சீட்டு. இருந்தது பென்சில் புள்ளி. எடுத்தது ரப்பரால். எடுத்தவள் கன்னியம்மாள். மேடத்திடம் சொன்னது பொய்.

போதும் பவித்ரா, இதோடு நிறுத்து. இப்போது முதலிலிருந்து வாசி, கேட்கிறேன். மெதுவாக வாசி. புள்ளி எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் வைத்துக்கொள். வைத்திருக்கிற புள்ளி எதையும் எடுத்துவிடாதே.